தலைச்சோலைப் பள்ளத்தில் இரண்டு முறை

ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு இருபது. சேலம் பழைய பஸ் நிலையத்தில் ஏற்காட்டு வண்டி எங்கே நிற்கும் என்று யாரையும் கேட்க வேண்டாம். தை மாதக் குளிருக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் மாட்டிக்கொண்டு, இட்லிப் பொட்டலத்தோடு நாலு பேர் எங்கே சிரித்துக்கொண்டு நிற்கிறார்களோ அங்கே போய் நில்லுங்கள், வண்டி வரும். அவர்களுக்குப் பின்னால் காலிக் கூடைகளை வைத்துக்கொண்டு மலைக்காரர்கள் நிற்பார்கள். நான் இந்த இரண்டு கூட்டத்திலும் சேர்ந்தவன் இல்லை. சுற்றிப் பார்க்கவும் போகவில்லை, வீடு திரும்பவும் போகவில்லை. எனக்குப் பிடிக்காத ஒருவனுக்கு ஒரு நல்ல சேதி எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன்.

டிக்கெட் மூன்று ரூபாய் நாற்பது காசு. தூரம் முப்பத்திரண்டு கிலோமீட்டர். சட்டைப் பையில் ஒரு பழுப்புக் கவர்.

கவரில் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேலத்தில் விளையாட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒரு விடுதி தொடங்குகிறார்கள். அதற்குக் கால்பந்துக் கோச் வேண்டும். நிரந்தர வேலை, தங்க வீடு, வீட்டு வாசலிலேயே புல் வளர்த்த முழு மைதானம். பட்டியலில் முதல் பெயர் பிலவேந்திரன். இரண்டாவது பெயர் சண்முகம், அதாவது நான். கமிட்டிச் செயலாளர் ஒரு வயதான வக்கீல். கவரை என் கையில் கொடுத்து, "உனக்குத்தான் அவன் ஊடு தெரியுமே. நீயே போய்க் குடுத்துக் கையெழுத்து வாங்கிட்டு வந்துருப்பா. திங்கக்கெழமை பதினொரு மணிக்குள்ள தாள் என் மேசைக்கு வரலைன்னா ரெண்டாவது பேரைப் போட்டுருவேன்" என்றார். பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கிறோம் என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை.

பிலவேந்திரன் யார் என்று தெரியாதவர்களுக்கு: ஏற்காட்டை அடுத்த தலைச்சோலைக்காரன். எஸ்டேட் வேலை செய்யும் கிறிஸ்தவக் குடும்பம். இடது காலன், இடது ஓரத்தில் ஓடும் விங்கர். சேலம் மாவட்ட அணியிலிருந்து மெட்ராசில் ஓர் ஆபீஸ் அணிக்குப் போய் இரண்டு வருஷம் ஆடினான். பிறகு கல்கத்தாவில் ஒரு பெரிய கிளப்பில் ஏழு வருஷம். அதில் கடைசி நாலு வருஷம் இந்தியச் சட்டையும் போட்டான். முழங்கால் போய்த் திரும்பி வந்து இப்போது நாலு வருஷம் ஆகிறது. அதே வயதில், அதே மாவட்ட அணியில், அதே இடது ஓரத்தில் ஓடிய இன்னோர் இடது காலன் நான். நான் எங்கே போனேன் என்று கேட்டால், எங்கேயும் போகவில்லை. பதினோரு வருஷமாக ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து, வெயிலில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்து விசில் ஊதிக்கொண்டிருக்கிறேன்.

மெட்ராஸ் அணிக்கு ஆள் எடுக்க வந்த அன்று முதல் பாதி நான் ஆடினேன், இரண்டாம் பாதி அவன் ஆடினான். நான் போட்ட பந்தில் இரண்டு கோல் விழுந்தன. அவன் போட்டதில் ஒன்று. கணக்கு யாருக்கும் புரியும். ஆனால் தேர்வாளர் அவன் பெயரை எழுதிக்கொண்டார். போய்க் கேட்டேன். "நீ நாலு தடவை பந்தைக் கோட்டுக்கு வெளியே விட்டாய் தம்பி. அவன் ஒரு தடவைகூட விடவில்லை" என்றார். விங்கர் என்றால் பந்து வெளியே போகத்தான் செய்யும். இதற்கெல்லாமா ஒருவனை ஒதுக்குவார்கள்? அன்று பற்றிய வயிற்றெரிச்சல், பதின்மூன்று வருஷமாக அணையவில்லை.

அணையவும் விடமாட்டார்கள். நான் முடி வெட்டிக்கொள்ளும் கடையில் கண்ணாடிக்கு மேலே அவன் படத்தைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து ஒட்டியிருந்தார்கள். கழுத்தில் துணி கட்டித் தலையைக் குனிய வைக்கும்போதெல்லாம் அவனைக் கும்பிடுவது போலவே இருக்கும். கடையை மாற்றினேன். புதுக் கடையிலும் அதே படம். ரேடியோவில் ஆட்டம் வைத்தால் அவன் காலுக்குப் பந்து வரும்போது, தவறட்டும் தவறட்டும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே கேட்பேன். இந்தியா தோற்றாலும் பரவாயில்லை என்று நினைத்த பாவி நான். மலேசியாவில் ஓர் ஆட்டத்தில் எதிராளி உதைத்து அவன் முழங்கால் போயிற்று என்று பேப்பரில் படித்த அன்று, தெருமுனைக் கடையில் சர்க்கரை கூடுதலாகப் போடச் சொல்லி ஒரு டீ குடித்தேன். இதை இதுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

ஏழு மணிக்கு அடிவாரம். இங்கே வண்டி பத்து நிமிஷம் நிற்கும். டிரைவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார், பயணிகள் டீ ஊற்றிக்கொள்வார்கள். டீ நாற்பது காசு, எலுமிச்சம்பழம் கால் ரூபாய். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் இரண்டு பழம் வாங்கி ஒன்றை என் கையில் திணித்தார். "மோந்து பாத்துக்கிட்டே வாங்க சாமி. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, உங்களுக்குக் கொமட்டும்" என்றார். என் குமட்டல் வேறு வகை என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை உண்டு. ஐந்தாவது வளைவு வரை மூங்கிலும் குரங்கும். பத்துக்கு மேல் காற்று மாறுகிறது. பதினைந்தைத் தாண்டினால் உயரமான சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் உடம்பெல்லாம் மிளகுக் கொடி, அடியில் காப்பிச் செடி. வண்டி திரும்பும்போது ஜன்னல் பக்கம் சேலம் ஒரு தட்டில் கொட்டிய பொரி மாதிரி கீழே கிடக்கிறது. முதல்முறை போகிறவர்கள் இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். நான் அழகை எங்கே பார்த்தேன்? ஒவ்வொரு வளைவிலும், அவன் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன். இருபது வளைவுக்கு இருபது வேண்டுதல்.

ஏற்காட்டில் இறங்கும்போது எட்டே கால். ஏரிமேல் பனி இன்னும் எழுந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையாதலால் மாதா கோயில் மணி ஒரு பக்கம், கடைவீதிக் கூச்சல் ஒரு பக்கம். மிளகாய் பஜ்ஜி நாலு ஒரு ரூபாய், ஆரஞ்சு டஜன் ஐந்து ரூபாய் என்றார்கள். வாங்குவதானால் ஒரு சுளை தின்று பார்த்துவிட்டு வாங்குங்கள், சிலது பல்லைக் கூச வைக்கும். தலைச்சோலைக்கு ஜீப்தான். ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். நிறைவது என்றால் பதினாலு பேர்.

"ஏனுங்க, எங்கீங்க போகோணும்?" என்றார் ஜீப்காரர்.

"தலைச்சோலை. பிலவேந்திரன் வீடு."

"அட, பிலவேந்திரண்ணன் ஊட்டுக்கா! முன்னால வந்து உக்காருங்க சார். டேய், சார் வர்றாரு, எடம் உடு."

வழியெல்லாம் அவன் புராணம்தான். கல்கத்தாவில் அவன் இறங்கினால் லட்சம் பேர் எழுந்து நிற்பார்களாம். டெல்லியில் மந்திரி கை கொடுத்தாராம். "நீங்களும் பந்து ஆடுவீங்களா சார்?" என்று கடைசியில் ஒரு மரியாதைக்குக் கேட்டார். இறங்கும்போது இரண்டு ரூபாயை நீட்டினேன்.

"அவரு ஊட்டுக்கு வர்றவங்ககிட்ட நான் காசு வாங்கறதில்லீங்க."

"வாங்கிக்கங்க."

"வேண்டாமுங்க சார்."

நோட்டை ஜீப்புக்குள் போட்டுவிட்டு நடந்தேன். அவன் பெயரில் எனக்கு ஓசிப் பயணம் வேண்டியதில்லை.

ஒன்பதரை. எஸ்டேட்டின் காப்பிக் களம் பாதையோரத்திலேயே இருக்கிறது. சிமெண்டுத் தரை முழுக்கப் பழம் பரப்பிக் காய வைத்திருந்தார்கள், கறுப்பும் சிவப்புமாக. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன், காயும் காப்பியைக் கிளறுவதற்கு இங்கே காலைத்தான் பயன்படுத்துகிறார்கள். வெறுங்காலோடு பழத்துக்குள் இறங்கி, பாதத்தைத் தூக்காமல், தரையில் இழைத்தபடியே நடக்க வேண்டும். பழம் இரண்டு பக்கமும் ஒதுங்கி நடுவே ஒரு பாத்தி விழும். மிதித்து நசுக்கினால் மேஸ்திரி வைவார். அங்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மேஸ்திரி தானே இறங்கி இழைத்துக்கொண்டிருந்தார். வலது முழங்கால் மடங்கவில்லை. இடது கால் நூல் பிடித்தது போல் போய்க்கொண்டிருந்தது. முகத்தைப் பார்க்கத் தேவையில்லை, அந்தக் காலை எனக்குத் தெரியும். நாலு வருஷமாகப் பந்தைத் தொடாத கால், காப்பியில்கூட அதே நேர்க்கோடு போடுகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சம்முவம்! அட, மாப்ள, நீயா?" என்று அங்கிருந்தே கத்தினான். ஓடி வர முடியாமல் பாத்தியைத் தாண்டித் தாண்டி வந்து கட்டிக்கொண்டான். "எத்தன வருசம் ஆச்சு! என்ன சமாச்சாரம்?"

கை பைக்குப் போனது. கவரின் விளிம்பு விரலில் பட்டது. "சும்மாதான்ப்பா. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. சாயங்காலம் கிளம்பும்போது கொடுத்துக்கொள்ளலாம் என்று மனதுக்குச் சமாதானம் சொன்னேன். கிளம்பும்போது மறந்துவிட்டால் என்ன செய்ய முடியும் என்று அதே மனது பதில் சொன்னது.

வீடு களத்துக்குப் பின்னால் இரண்டு அறை. சுவரில் மாதா படம், காலண்டர், அவ்வளவுதான். கோப்பைகளும் படங்களுமாக இருக்கும், பார்த்து வயிறு எரிய வேண்டியிருக்கும் என்று தயாராகப் போனவனுக்கு ஏமாற்றமாக இருந்தது. கோப்பையெல்லாம் எங்கே என்றேன். "பரணை மேல கெடக்குதுங்கண்ணா. தொடைக்க எனக்கு நேரமில்லீங்க" என்றாள் அவன் மனைவி ரெஜினா. காப்பி கொடுத்தாள். சொந்தக் களத்துக் காப்பி, வெல்லம் போட்டது. இதைச் சேலத்தில் எந்த ஓட்டலிலும் குடிக்க முடியாது.

பிலவேந்திரன் கோழி பிடிக்கப் பின்பக்கம் போனான். அவன் தலை மறைந்ததும் ரெஜினா அடுப்படியிலிருந்தே பேசினாள். "இங்க இவரு பேரைச் சொன்னா காப்பிக் கொட்டைக்கு என்னங்கண்ணா தெரியும்? அந்தக் காலோட நாளெல்லாம் களத்துல நிக்கறாரு. ராத்திரி வீங்கிப் போவுது. கீழ எங்கியாச்சும் ஒரு வேலை கெடச்சா நாளைக்கே கெளம்பீருவனுங்க. உங்களுக்கு நாலு பேரு தெரியும். சொல்லி வைங்கண்ணா."

நான் காப்பியைப் பார்த்துக்கொண்டே பேசினேன். "சேலத்துல என்னம்மா இருக்குது? வெயில் மண்டையப் பொளக்கும். உப்புத் தண்ணி. வாடகை வேற. இந்தக் காத்துக்கு அங்க வழியே இல்ல." சொன்னது ஒன்றுகூடப் பொய்யில்லை. அண்ணா என்று கூப்பிட்டு அவள் கேட்ட வேலை, என் சட்டைப் பையில், என் நெஞ்சுக்குப் பக்கத்தில் கிடந்தது. அவள், "அதுவும் சரிதானுங்க" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கவரை எடுக்கவில்லை.

சாப்பாடு முடிந்து இரண்டு மணி வாக்கில் அவன் என்னை மேட்டுத் திடலுக்கு அழைத்துப் போனான். தலைச்சோலையின் ஒரே விளையாட்டு இடம் இதுதான். மலையை வெட்டிச் சமன் செய்த துண்டு. ஒரு பக்கம் மண்சுவர். மறுபக்கம் கோடே போடவில்லை, ஏனென்றால் அங்கே தரையே இல்லை. நேராகப் பள்ளம், காப்பிச் செடியும் பாறையுமாக நூறு அடிக்குக் குறையாது. பந்து அங்கே போனால் கீழே ஓடையில் போய்த்தான் நிற்கும்.

ஓரத்தில் உட்கார்ந்து காலை நீட்டி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னான். "எங்க ஊர்ச் சட்டம் ஒண்ணு இருக்குது. பந்தை வெளிய ஒதச்சவன்தான் எறங்கி எடுத்தாரணும். சின்னவன் பெரியவன், மேஸ்திரி ரைட்டர், எவனா இருந்தாலுஞ் சரி. அவன் ஏறி வர்ற வரைக்கும் ஆட்டம் நிக்கும். அத்தன பேரும் பாத்துக்கிட்டு நிப்பானுங்க. நான் சோம்பேறி. எறங்கறதுக்கு அழுதுக்கிட்டுத்தான் பந்தை ஓரத்துலயே ஒட்ட வெச்சு ஓட்டப் பழகுனேன்."

பதின்மூன்று வருஷமாக என்னைத் தின்ற அந்தக் கேள்விக்கு இதுவா விடை? எனக்குச் சேலத்தில் கிடைத்தது மணல் நிரவிய பெரிய மைதானம். அவனுக்குக் கிடைத்தது பள்ளம். இதுவரை அவன் காலின் மேல், அவன் பெயரின் மேல், அவன் படத்தின் மேல் பொறாமைப்பட்டவன், அன்று ஒரு பள்ளத்தின் மேலும் பொறாமைப்பட்டேன்.

"முட்டி எப்படிப் போச்சு தெரியுமா?" என்றான்.

"பேப்பர்ல படிச்சேன். எவனோ ஒதச்சுட்டான்."

"ஒருத்தனும் ஒதைக்கல." சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "மலேசியாவுல. கடைசிப் பத்து நிமிசம். நான் போட்ட பந்து எகிறி வெளிய போயிருச்சு, அத்தி பூத்தாப்ல. மைதானத்தைச் சுத்தி ஒரு சிமெண்டு வாய்க்காலு. பந்து உருண்டுக்கிட்டே அந்தப் பள்ளத்தைப் பாத்துப் போவுது. அது அவங்க பந்து மாப்ள! நான் எடுக்கவே வேண்டியதில்ல. எடுத்துப் போட நாலு ஆளு பனியன் போட்டுக்கிட்டு நிக்கறான். எனக்கு ஒண்ணுமே நெனப்பு வரல. ஒதச்சவன் எறங்கணும், அவ்வளவுதான். ஓடிப்போய்க் குதிச்சேன். உள்ள ஈரம். வழுக்குச்சு. டப்புனு ஒரு சத்தம்."

"பின்ன பேப்பர்ல?"

"அவனுங்களா எழுதிக்கிட்டானுங்க. நானும் சரின்னு இருந்துட்டேன். தலைச்சோலைக்காரன் பந்து பொறுக்கப் போயிக் காலை ஒடச்சுக்கிட்டான்னு சொல்லச் சொல்றியா? ரெஜினாவுக்குத் தெரியும். இப்ப உனக்குத் தெரியும்."

சிரித்தான். நானும் சிரித்தேன், அடக்க முடியவில்லை. சிரித்து முடித்த பிறகு அந்தச் சர்க்கரை கூடிய டீ ஞாபகம் வந்தது. யாரிடம் சொல்லக்கூடாதோ அவனிடமே தேடிப் பிடித்துச் சொல்கிறானே, இந்த மடையன் என்று கோபமும் வந்தது.

மூன்றரைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஞாயிறுதோறும் எஸ்டேட் ஆட்களுக்கும் ஜீப்காரர்களுக்கும் ஆட்டம். ஜீப் பக்கம் ஒரு ஆள் குறைந்தது. காலையில் என்னை ஏற்றி வந்தவர், "சார் ஆடுவாருங்க" என்று என்னை இழுத்து விட்டார். "எங்கீங்க ஆடுவீங்க?" "இடது ஓரம்" என்றேன். விசில் பிலவேந்திரன் வாயில். நடுவர் அவன்.

முப்பத்து நாலு வயது, சற்றே தொப்பை, கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிய கோலம். ஆனால் முதல் பந்து காலுக்கு வந்ததும் எல்லாம் மறந்தது. அவன் பார்க்கிறான் என்பது மட்டும் மறக்கவில்லை. ஒருவனைத் தாண்டினேன். இரண்டாமவனையும் தாண்டினேன். பார்த்துக்கொள்ளடா, உன் இடத்துக்கு நான் எவ்விதத்தில் குறைச்சல் என்று ஓங்கி ஒரு உதை விட்டேன். பந்து கோல் பக்கம் போகவில்லை. காப்பிச் செடிகளுக்கு மேலே அழகாக வளைந்து, பள்ளத்தில் இறங்கியது.

விசில் ஊதியது. எல்லாரும் நின்றார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"சார் விருந்தாளிங்க. நான் போய் எடுத்தாறன்" என்றார் ஜீப்காரர்.

"சட்டம் சட்டந்தான்" என்றான் பிலவேந்திரன். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

இறங்கினேன். இறங்குவது நடப்பதில் சேராது. செடியைப் பிடித்து, பாறையில் உட்கார்ந்து, வழுக்கி, மறுபடி பிடித்து. முள் கையைக் கிழித்தது. அட்டைக்கு இது காலமில்லை என்றார்கள், அந்த மட்டுக்கும் புண்ணியம். ஓடையில் பந்து ஒரு கல்லில் சாய்ந்து ஹாயாக நனைந்துகொண்டிருந்தது. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேலே வர இருபது நிமிஷம் ஆயிற்று. மேலே எல்லாரும் கை தட்டினார்கள். மூச்சு வாங்கியபடி நெஞ்சில் கை வைத்தேன். பை தட்டையாக இருந்தது. கவர் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கவர் பள்ளத்தில் எங்கோ விழுந்திருக்கிறது. அப்படி ஒரு கவர் இருப்பது இந்த மலையில் யாருக்கும் தெரியாது. நான் எறியவில்லை, கிழிக்கவில்லை, ஒளிக்கவில்லை. நாளைப் பதினொரு மணி ஆகும், வக்கீல் இரண்டாவது பெயரைப் போடுவார். கேட்டால் தொலைந்துவிட்டது என்று சாமி மேல் சத்தியம் பண்ணலாம், அதுவும் உண்மையாகவே இருக்கும். இருபது வளைவிலும் நான் வேண்டிக்கொண்டது கிடைத்துவிட்டது. புல் வளர்த்த மைதானம் கண்முன்னால் விரிந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் நான் நிற்கிறேன், என் பிள்ளைகள் ஓடுகிறார்கள்.

"போடுங்க சார் பந்தை" என்றார்கள். போட்டேன். ஆட்டம் தொடங்கியது. பிலவேந்திரன் விறைத்த காலை இழுத்துக்கொண்டு, கூடவே ஓட முயன்று, முடியாமல், நின்ற இடத்திலிருந்தே கத்திக்கொண்டிருந்தான். ஒரு ஆளுக்குப் பந்தை எப்படி வாங்க வேண்டும் என்று காட்டினான். சும்மா பாதத்தைத் திருப்பினான், அவ்வளவுதான். அந்த ஆள் அடுத்த பந்தை அப்படியே வாங்கினான். நான் பதினோரு வருஷமாக விசில் ஊதியும் ஒரு பிள்ளையை அப்படி வாங்க வைக்க முடிந்ததில்லை. எரிந்தது எனக்கு. சத்தியமாக எரிந்தது.

ஓரத்துக்குப் போனேன். மறுபடி இறங்கத் தொடங்கினேன்.

மேலே விசில் ஊதியது. "மாப்ள! பந்து இங்க இருக்குது! எங்க போற?"

"இன்னொண்ணும் வெளிய போயிருச்சுப்பா" என்று கத்தினேன்.

பனி ஏறத் தொடங்கியிருந்தது. பத்தடிக்கு மேல் தெரியவில்லை. ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்தேன். கிடைக்காமலே போகட்டும், தேடியதாகவும் இருக்கட்டும் என்று ஒரு நப்பாசை உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்தது. பாதி வழியில், நான் சறுக்கி உட்கார்ந்த பாறைக்கு அடியில் கிடந்தது. ஒரு மூலை நனைந்திருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மேலே ஆட்டம் நின்றுபோய்ச் சத்தமே இல்லை. சட்டப்படி அத்தனை பேரும் நான் வருவதற்காக நின்றுகொண்டிருந்தார்கள்.

ஏறி வந்து அவன் கையில் கொடுத்தேன். "காலையிலயே குடுத்திருக்கணும்" என்றேன்.

பிரித்துப் படித்தான். மறுபடி முதலிலிருந்து படித்தான். அடியில் இரண்டாவது பெயரும் அச்சில் இருந்தது. அதன்மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தான். அவன் மக்கு இல்லை. ரெஜினாவிடம் நான் வெயிலையும் உப்புத் தண்ணீரையும் பற்றி அளந்தது கோழி பிடிக்கப் போனவன் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"அப்பறம் எதுக்கு ரெண்டாந்தரம் எறங்குன?"

"உங்க ஊர்ச் சட்டம்" என்றேன்.

உனக்கு விட்டுக்கொடுக்கிறேன் மாப்ள என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன். ஆமாம், கடைசி நிமிஷம் வரை எதிர்பார்த்தேன். "பேனா இருக்குதா?" என்றான். என் பேனாவை வாங்கி, என் முதுகில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டு, வக்கீலிடம் சேர்க்கச் சொல்லி என் கையிலேயே கொடுத்தான். கவர் மறுபடி என் சட்டைப் பைக்குப் போயிற்று. ரெஜினாவிடம் யார் சொன்னார்களோ, நாங்கள் இறங்கி வந்தபோது களத்தில் நின்று இரண்டு கையையும் தலைமேல் குவித்து எங்களைப் பார்த்துக் கும்பிட்டாள். அவள் முகத்தை நான் நேராகப் பார்க்கவில்லை.

ஐந்தே முக்காலுக்கு ஏற்காட்டிலிருந்து கடைசிக்கு முந்தின பஸ். ஜீப்காரர் இந்த முறையும் காசு வாங்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. ரெஜினா ஒரு படி காப்பிக் கொட்டையைத் துணியில் முடிந்து கொடுத்திருந்தாள். ஏரிக்கரையில் காலையில் பார்த்த ஸ்வெட்டர்க்காரர்கள் வாந்தி வரும் என்று பயந்து ஒன்றும் தின்னாமல் வண்டியில் ஏறினார்கள். பஸ் வரைக்கும் கூட வந்த பிலவேந்திரன் ஜன்னலுக்கு வெளியே நின்று, "ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை நீ வந்து பசங்களுக்கு ஓரத்துலருந்து கிராஸ் போடச் சொல்லிக் குடுக்கணும். அது எனக்கு உன்னளவுக்கு வராது" என்றான். பொய்யா, உண்மையா, தெரியாது. வருகிறேன் என்றேன்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்பீர்கள். எங்கே போகும்? இருபதாவது வளைவிலிருந்து முதல் வளைவு வரை கூடவேதான் வந்தது. அடிவாரத்தில் சூடான காற்று முகத்தில் அடித்ததும், ஊர் வந்துவிட்டது என்று தெரிந்தது. எங்கள் ஊர் மைதானத்தில் பந்து வெளியே போனால் இரண்டு கஜத்தில் தானே நின்றுவிடும். யாராவது எடுத்துப் போடுவார்கள். உதைத்தவன் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. நான் அப்படித்தான் வளர்ந்தேன். அதனால்தான் என்னை நான் நம்பவில்லை. மலையேறியபோது இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தவன், இறங்கும்போது ஒரு கையால்தான் பிடித்தேன். இன்னொரு கை, இருபது வளைவிலும், சட்டைப் பையை அழுத்திக்கொண்டே இருந்தது.